கூண்டுக்காரரின் மாத்திரை

மூன்று டன் இரும்பு விட்டத்தை எழுபது மீட்டர் உயரத்திலிருந்து இறக்கி, இரண்டு தூண்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளியில் அலுங்காமல் உட்கார வைத்துவிடுவார். ஆனால் ஒரு மாத்திரையை முழுங்கச் சொன்னால் அவரால் முடியாது. இப்படியும் ஒரு பிறவி.

கட்டுமான இடத்தில் எல்லோருக்கும் அவர் கூண்டுக்காரர். கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, நாற்காலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பிடிகள். முப்பத்தொரு வருடமாக அங்கேதான் உத்தியோகம். காலை ஏழு மணிக்கு இருநூற்று எண்பது படி இரும்பு ஏணியில் ஏறினால் பகல் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கூண்டு ஒரு முழம் இந்தப் பக்கமும் ஒரு முழம் அந்தப் பக்கமும் ஆடும். அதெல்லாம் அவருக்குத் தாலாட்டு மாதிரி.

மாத்திரை என்றால் மட்டும் தொண்டை பூட்டிக்கொள்ளும். ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளே போகும், மாத்திரை நாக்கிலேயே சட்டமாக உட்கார்ந்திருக்கும். கல்யாணமான புதிதில் மனைவி இதைக் கண்டுபிடித்தார். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, தேனில் குழைத்து ஊட்டினார். மகள் வளர்ந்ததும் அந்த வேலை மகள் கைக்குப் போனது. வீட்டிலிருந்த மூன்று பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவர் நினைத்தார். பாழாய்ப்போன அந்த மானம்தான் பிறகு அவரைக் கொண்டுபோய் எங்கெங்கோ நிறுத்தியது.

தொல்லை சிறுநீரில் ஆரம்பித்தது. கூண்டில் வாய் அகன்ற பாட்டில் ஒன்று இருக்கும். கிரேன் ஓட்டுகிற எல்லோரும் வைத்திருப்பதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பெல்லாம் அரை நிமிட வேலை. இப்போது பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றால் வருவேனா என்று அடம்பிடித்தது. வந்தால் சொட்டு, கொஞ்சம் நின்று இன்னொரு சொட்டு. கீழே கொக்கிக்காக ஆட்கள் காத்திருப்பார்கள். சைகை காட்டுகிற சிக்னல்காரர் ரேடியோவில் கூப்பிடுவார்.

"அண்ணே, விட்டம் ரெடி. என்னண்ணே, மேல தவமா?"

"இருப்பா, ஒரு நிமிஷம்."

"இதோட ஆறு நிமிஷம் ஆச்சுண்ணே."

இரண்டு வருடம் இப்படியே ஓட்டினார். ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு ஒரு சொட்டும் வரவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்ததே ஒழிய வேறெங்கும் வரவில்லை. இருநூற்று எண்பது படியையும் ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றிலும் முனகி இறங்கினார். சிக்னல்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். குழாய் வைத்து எடுத்தார்கள். ஒரு லிட்டரைத் தாண்டிப் போனதாகச் சொன்னார்கள். அந்த நேரத்து நிம்மதியில் குழாய் வைத்தவர் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது அவருக்கு.

சிறுநீர்ப் பிரிவு டாக்டர் ஒரு பெண்மணி. வயது நாற்பதுக்குள் இருக்கும், பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது. பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டுச் சொன்னார். "புற்று இல்ல, பயப்படாதீங்க. புராஸ்டேட்னு ஒரு சுரப்பி, மூத்திரப்பைக்குக் கீழ, குழாயைச் சுத்தி இருக்கு. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்க வேண்டியது, உங்களுக்கு எலுமிச்சம்பழத்தைத் தாண்டிடுச்சு. உள்ள போற குழாயை நெரிக்குது. ரெண்டு மருந்து தர்றேன். ஒன்னு அங்க இருக்கற சதையைத் தளர்த்தும், சில நாள்லயே தெரியும். இந்த நீல மாத்திரை சுரப்பியையே சுருக்கும். அதுக்கு ஆறு மாசம்கூட ஆகும், பொறுமையா இருக்கணும். ரெண்டையும் முழுசா முழுங்கணும். வீட்டுல யாராவது கர்ப்பமா இருக்காங்களா?"

"இல்லீங்க."

"முழுங்கறதுல சிரமம் ஒன்னும் இல்லையே?"

எழுபது மீட்டர் உயரத்து மனிதர், ஒரு பெண் டாக்டர் முன்னால், எனக்கு மாத்திரை இறங்காது என்று எப்படிச் சொல்வார்? பலமாகத் தலையாட்டினார். ஒரு சிரமமும் இல்லை.

மகளும் மாப்பிள்ளையும் அதே வீட்டின் மாடியில் குடியிருந்தார்கள். மாப்பிள்ளை கப்பலில் என்ஜினீயர், பாதி வருடம் கடலில் இருப்பவர். மகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் அளந்து கண்ணாடி பொருத்துகிறவள். கை அவ்வளவு சுத்தம். தினமும் காலையில் வேலைக்குப் புறப்படுமுன் கீழே இறங்கி வந்து, நீல மாத்திரையையும் மற்றதையும் இரண்டு கரண்டிக்கு நடுவே நசுக்கி, கட்டி இல்லாமல் விரலால் தேய்த்து, தேனில் குழைத்துக் கொடுப்பாள். கரண்டியில் ஒட்டியிருக்கும் தேனை அவளே நக்கிவிடுவாள். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். கூலி என்பாள் சிரித்துக்கொண்டே.

அப்படி ஆரம்பித்துச் சில வாரங்களில் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. ஆறு வருடம் காத்திருந்த வீடு. மனைவி அழுதார். மாப்பிள்ளை ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போனில் கத்தினார். கூண்டுக்காரர் ரேடியோவில் சொன்னதும் கீழே நாற்பது பேரும் ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினார்கள். மாத்திரையும் தேனும் தினசரி தொடர்ந்தன. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சேர்த்து வைத்தது கண்ணாடிக் கடைதான். அவருக்குப் படிக்கிற கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில், வழியில் அடுத்த மாத்திரை டப்பாவையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மகளின் கடைக்குப் போனார். அவள் புதுக் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டி, காதோரம் வளைத்துச் சரிசெய்தாள்.

"படிச்சுப் பாக்கற அட்டையை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கப்பா. உங்க பையில பொடி எழுத்தா ஏதாவது இருக்கா?"

அவர் மாத்திரை டப்பாவைத் திறந்து, எட்டாக மடித்திருந்த தாளை எடுத்து விரித்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடி வழியே பார்த்தால் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. அவருக்குக் குஷி பிறந்துவிட்டது. செய்தி வாசிப்பவர் மாதிரி குரலை உயர்த்தினார். கடையிலிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"'ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்.' பாத்தியா! 'குழந்தைகளுக்கு எட்டாதபடி வைக்கவும்.' அடேங்கப்பா, இதைவிடச் சின்னதா இருந்தாலும் படிப்பேன். 'கர்ப்பமாக உள்ள, அல்லது கர்ப்பமாக இருக்கக்கூடிய பெண்கள் உடைந்த அல்லது பொடியாக்கப்பட்ட மாத்திரைகளைக் கையாளக் கூடாது. ஆண் கருவின்...'"

குரல் அங்கேயே நின்றது. மகள் அவர் கையிலிருந்து தாளை வாங்கி, மீதியை வாய்க்குள் படித்தாள். ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு கடை முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். அவர் புதுக் கண்ணாடியைக் கழற்றவும் மறந்து அவள் பின்னால் போனார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"முழுசா முழுங்கணும்னு சொன்னேன். தலையாட்டினீங்க."

"முழுங்க வராதுங்க. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எத்தனை வாரமா இவங்க பொடி பண்றாங்க?"

"எட்டு வாரம்." மகள்தான் பதில் சொன்னாள். "இப்ப எனக்குப் பதிமூணாவது வாரம். பொடி விரல்ல படும் டாக்டர். அப்புறம்... கரண்டியில ஒட்டினதை நான் நக்குவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த ஒரு கணத்தில் கூண்டுக்காரர் பாதி செத்துவிட்டார். பிறகு டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதில் ஒரு சின்ன முளை மாதிரி வரைந்தார்.

"சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க. கரு உண்டாகி முதல் சில வாரம், வெளியில பாக்க எல்லாக் கருவும் ஒரே மாதிரிதான் இருக்கும். பையனா பொண்ணான்னு பாத்துச் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் அந்த இடத்துல இருக்கறது இந்த மாதிரி ஒரு முளைதான். பையனா இருந்தா, ரெண்டு மாசம் வாக்குல அவனோட சொந்த விரையே ஆண் ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கும். அப்ப அவன் இவ்ளோதான் இருப்பான்." கட்டைவிரல் நுனியைக் காட்டினார். "அந்த ஹார்மோன் இந்த முளைக்குள்ள போகும். அங்க ஒரு என்சைம் அதைப் பிடிச்சு, இன்னும் வீரியமான ஒன்னா மாத்தும். டிஹெச்டின்னு சொல்லுவோம். அந்த டிஹெச்டிதான் இந்த முளையை ஆணுறுப்பா வடிக்குது. அடியில திறந்திருக்கற பள்ளத்தைத் தையல் போட்ட மாதிரி மூடிக்கிட்டே போய், மூத்திரத் துவாரத்தை நுனியில கொண்டு நிறுத்துது."

கூண்டுக்காரர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இப்ப உங்க விஷயம். உங்க சுரப்பிக்குள்ளயும் அதே என்சைம் இருக்கு. அதே டிஹெச்டிய செய்யுது. அதுதான் அந்தச் சுரப்பிய வளரு வளருன்னு தூண்டிக்கிட்டே இருக்கு. நான் குடுத்த மாத்திரை அந்த என்சைமைக் கட்டிப்போடும். அவ்ளோதான் அதோட வேலை."

"வயசானா ஹார்மோன் குறையத்தானே செய்யும்?"

"ரத்தத்துல குறையும். சுரப்பிக்குள்ள உற்பத்தி நிக்கறதில்ல. சின்ன வயசுலயே விரையை இழந்தவங்களுக்கு இந்த வீக்கம் வர்றதில்ல. பிறவியிலயே அந்த என்சைம் வேலை செய்யாதவங்களுக்கும் வர்றதில்ல. ஹார்மோன் இல்லாம இது வராதுங்கறது நிச்சயம். ஆனா அது மட்டும்தான் காரணமா, ஒருத்தருக்கு ஏன் இவ்ளோ வளருது, இன்னொருத்தருக்கு ஏன் வளரலைன்னு கேட்டா, எங்களுக்கும் முழுசாத் தெரியாது."

"அப்ப என்னைச் செஞ்சதும் அதான், இப்ப என்னை நெரிக்கறதும் அதானா?"

"அதேதான். உங்களுக்கு மீசை தாடி வளத்ததுலயும் அதுக்குப் பங்கு உண்டு. தலையில முடியைக் கொட்ட வெச்சதுலயும் உண்டு."

அவர் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அறுபது வருடமாகக் கூடவே ஒருவன் குடியிருந்து, கட்டி, இடித்து, மறுபடி கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். முகவரியே இன்றைக்குத்தான் தெரிகிறது. இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் அவருக்குப் பிரமிப்பாக இருந்தது. பிரமிப்பு வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

மகளுக்கு அந்தப் பிரமிப்பெல்லாம் இல்லை. "என் குழந்தைக்கு என்ன ஆகும், அதைச் சொல்லுங்க."

"பொண்ணா இருந்தா இதுல கவலைப்பட ஒன்னும் இல்ல. பையனா இருந்தா, துவாரம் நுனிக்கு வராம கீழயே தள்ளி நின்னுடலாம். மூத்திரம் நேராப் போகாம கீழ நோக்கிப் போகும். ஆபரேஷன் பண்ணிச் சரிபண்ணலாம். நீங்க தொட்ட, நக்கின அளவு ரொம்பக் கொஞ்சம். இப்படிக் கையில பட்டுக் குழந்தைக்குக் கெடுதல் வந்ததா நான் படிச்சதில்ல. வராதுன்னு எழுதிக் குடுக்கவும் மாட்டேன். அந்த வடிக்கிற வேலை இந்நேரம் பெரும்பாலும் முடிஞ்சிருக்கும். நடந்தது நடந்தாச்சு. இனிமே நீங்க அந்த மாத்திரையைத் தொடாதீங்க."

வீட்டுக்கு வரும் வழியில் மகள் முன்னால் வேகமாக நடந்தாள். தெருமுனையில், மூடிக்கிடந்த ஒரு கடையின் ஷட்டர் முன்னால் நின்றாள்.

"முழுங்க வராதுன்னு ஒரு வார்த்தை, ப்பா. அந்த டாக்டர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னா நீங்க தேஞ்சா போயிடுவீங்க?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போனதும், பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்து நின்றாள். கோபத்திலும் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவைக் குப்பையில் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மனைவி விடவில்லை.

"நிறுத்திட்டு மறுபடியும் அந்த ஏணியில முனகிக்கிட்டு இறங்கப் போறீங்களா? பாதியில கை நழுவினா? அவ புள்ளையப் பெத்துட்டு அப்பனைத் தேடவா? முழுங்கக் கத்துக்கோங்க."

"இந்த வயசுலயா?"

"அவ இந்த வயசுல புள்ள பெத்துக்கப் போகலையா?"

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மாத்திரை இனிமேல் வீட்டு வாசலை மிதிக்காது. டப்பாவைச் சட்டைக்குள் போட்டு, இருநூற்று எண்பது படி ஏறி, கூண்டில் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மகளுக்கும் மாத்திரைக்கும் நடுவில் எழுபது மீட்டர். அதற்கு மேல் தூரம் வேண்டுமென்றால் அவர் பறக்கத்தான் வேண்டும்.

முதல் நாள் காலை, மேலே, தண்ணீர் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்தார். மாத்திரையை நாக்கில் வைத்தார். தண்ணீர் போனது, மாத்திரை போகவில்லை. மறுபடி, மறுபடி. ஏழாவது முறை தொண்டையில் சிக்கி, இருமி, குமட்டி, கண் பிதுங்கியது. ரேடியோவின் பேசும் பொத்தான் அவர் தொடைக்கு அடியில் அமுங்கிக் கிடந்தது அவருக்குத் தெரியாது. அவர் செத்துப் பிழைத்த சத்தம் முழுவதும் கீழே நாற்பது பேர் காதிலும் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணே! அண்ணே! நெஞ்சு வலியா? ஆள் அனுப்பட்டுமா?" சிக்னல்காரர் அலறினார்.

கூண்டுக்காரர் கீழே பார்த்தார். வேலை அப்படியே நின்றிருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஷட்டர் முன்னால் நின்ற மகளின் முகம் நினைவுக்கு வந்தது.

"நெஞ்சு வலி இல்லப்பா. எனக்கு மாத்திரை முழுங்க வராது. பொறந்ததுலேருந்தே வராது."

கீழே யாரோ ஒருவர் சிரித்தார், அது பத்துப் பேருக்குத் தொற்றியது. சிரித்து ஓய்ந்ததும் யோசனைகள் வர ஆரம்பித்தன. வெல்டர் ஒரு வழி சொன்னார், கம்பி கட்டுகிறவர் அதை மறுத்தார். சிமெண்டு கலக்கும் அக்கா சிக்னல்காரர் கையிலிருந்த ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டார். "தலையைப் பின்னால சாய்க்காதீங்கண்ணே. குனிஞ்சு, தாடையை நெஞ்சுல வெச்சுக்கிட்டு முழுங்குங்க. எனக்கும் இதே கதைதான். எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது." அந்த அக்காவும் தன் ரகசியத்தை நாற்பது பேர் முன்னால் போட்டு உடைத்தார்.

பதினோராவது நாள் மாத்திரை இறங்கியது. "போயிடுச்சு" என்றார் ரேடியோவில், நம்ப முடியாமல். கீழே கம்பிகளில் சுத்தியலால் தட்டி ஆரவாரம் செய்தார்கள். மேஸ்திரி ஓடிவந்து என்ன கலாட்டா என்று சத்தம் போட்டார்.

அன்றைக்குப் பகல் அவர் சாப்பிட இறங்கவில்லை. கீழே எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மேலிருந்து பார்ப்பவனுக்கு மனிதர்களின் முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். முப்பத்தொரு வருடமாக அவர் பார்ப்பது உச்சந்தலைகளைத்தான். வெல்டருக்குச் சுழியில் ரூபாய் அகல வழுக்கை. சிக்னல்காரருக்கு நெற்றியிலிருந்து பின்வாங்கிக்கொண்டே போகிறது. நேற்று வேலைக்கு வந்த இளைஞனுக்கு அடர்ந்த காடு. எல்லோருக்குள்ளும் அந்த டிஹெச்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் முடியை முளைக்க வைக்கிறது, ஓரிடத்தில் உதிர்க்கிறது. யாருக்கும் தெரியாத ஓர் இருட்டில், கட்டைவிரல் நுனி அளவுள்ள ஒருவனுக்கு உடம்பைத் தைத்துக்கொடுக்கிறது. அறுபது வருடம் கழித்து, அதே கை, நிறுத்தத் தெரியாமல், இன்னும் தைத்துக்கொண்டே இருக்கிறது. அவர் பெரிய சாமி பக்தர் இல்லை. ஆனாலும் அந்தக் கண்ணாடிக் கூண்டில் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படிப்பட்ட ஒன்றின் கையைத்தான், தேன் தடவி, தன் பேரக்குழந்தையின் வாசலிலேயே கட்டிப்போட்டிருக்கிறாரோ?

கேள்வி அதுதான். குழந்தை பிறக்கும்வரை அதற்குப் பதில் கிடைக்காது.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போனபோது, ஆணா பெண்ணா என்று சட்டப்படி சொல்ல மாட்டார்கள் என்றதும், அதுவே நல்லது என்றாள் மகள். "பொண்ணுன்னா அப்பா ஆடுவார், பையன்னா சாப்பிட மாட்டார். ரெண்டையும் என்னால பாக்க முடியாது. எதுவா இருந்தாலும் என் குழந்தை." கோபமெல்லாம் அவளுக்கு எப்போதோ தீர்ந்திருந்தது. தட்டில் சாதம் குறைந்தால் கவனித்துக் கேட்பவளும் அவள்தான்.

அவருக்குத்தான் தீரவில்லை. மாத்திரை தொடங்கி நான்கு மாதம் தாண்டியதும் அது தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் குறைந்தது. சொட்டு நூலாகி, நூல் கயிறாகியது. ஒரு நாள் காலையில் வீட்டுக் கழிவறையில் நின்றபோது, இருபது வருடத்துக்கு முன்பு வந்த மாதிரி சத்தத்தோடு வந்தது. வெளியிலிருந்த மனைவிக்கே கேட்டிருக்கும். எந்த மனிதனும் அந்த இடத்தில் சந்தோஷப்படுவான். அவருக்கோ பயம் பிடித்துக்கொண்டது. இந்த மாத்திரைக்கு இவ்வளவு சக்தியா? எலுமிச்சம்பழத்தையே சுருக்குகிற ஒன்று, கட்டைவிரல் நுனியை என்ன செய்திருக்கும்? தனக்கு எவ்வளவுக்கெவ்வளவு நன்றாகப் போனதோ, அவ்வளவுக்கவ்வளவு அவர் பயந்தார். "எப்படி இருக்கு?" என்று மகள் கேட்டால் "சுமாரா இருக்கும்மா" என்று முனகினார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவே நாக்கு எழவில்லை.

ஆறு மாதச் சோதனையில் டாக்டர் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "நல்லா சுருங்கியிருக்கு. முழுசா முழுங்கறீங்களா?"

"முழுங்கறேன். பெரிய சிரமம்தான், ஆனா முழுங்கறேன்." இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொன்னார்.

பிரசவம் ஆனது ஒரு வேலை நாளில். அவர் கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் பன்னிரண்டாம் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி போட்ட போன் சிக்னல்காரருக்கு வந்தது. அந்த மனிதர் லேசுப்பட்டவர் இல்லை; சட்டம் பத்திரமாக உட்கார்ந்து, கொக்கி கழன்று, பிடியிலிருந்து கை எடுக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

"அண்ணே, இறங்கி வாங்க. நல்ல செய்தி."

"என்ன குழந்தை?"

"பேரன்ண்ணே."

அவர் ஏணியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை.

ஆஸ்பத்திரி அறையில் மகள் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். வயிற்றை அறுத்து எடுத்திருந்தார்கள். மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் அவள் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் துணியில் சுற்றிய பொட்டலம். குழந்தை டாக்டரும் ஒரு நர்ஸும் பக்கத்தில் நின்றார்கள். கூண்டுக்காரர் வாசலைத் தாண்டவில்லை. நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தொரு வருடத்தில் இல்லாத தலைச்சுற்றல் அன்றைக்குத் தரையில் நிற்கும்போது வந்தது.

"நீங்கதான் தாத்தாவா? உள்ள வாங்க," என்றார் குழந்தை டாக்டர். விஷயம் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. "பாத்தவரைக்கும் எல்லாம் இடத்துல இருக்கற மாதிரிதான் இருக்கு. இன்னும் மூத்திரம் போகல. அது எங்கேருந்து, எப்படி வருதுன்னு ஒரு தடவை கண்ணால பாத்துட்டா எனக்கும் திருப்தி."

நர்ஸ் துணியை விலக்கினார். சிவந்த, சுருங்கிய, கோபமான ஓர் உயிர். கையும் காலும் காற்றை உதைத்தன. கூண்டுக்காரர் ஒவ்வோர் அடியாக மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். ஒரு சொட்டுக்காகக் காத்து நிற்பது எப்படி என்று அந்த அறையிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

குழந்தை ஒரு தடவை உடம்பைக் குறுக்கியது. நுனியிலிருந்து கிளம்பியது. மெல்லிய, பளபளக்கும் ஒரே கம்பி, நேராக மேலே எழுந்து, வளைந்து, குனிந்திருந்த கிழவரின் நெற்றியில் அடித்து, மூக்கு வழியே மீசைக்கு இறங்கியது. நர்ஸ் ஐயோ என்றார். டாக்டர் சிரித்தேவிட்டார். கூண்டுக்காரர் நகரவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. இவ்வளவு சின்ன உடம்புக்குள், யாரும் பார்க்காத வாரங்களில், அந்தக் கை வந்து, தன் வேலையை ஒரு தையல் விடாமல் முடித்துவிட்டுப் போயிருக்கிறது. அவர் வைத்த தடையையும் தாண்டி முடித்திருக்கிறது. அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எது அழுகை, எது பேரன் கொடுத்தது என்று தெரியாமல் முகமெல்லாம் வழிந்தது.

"ப்பா, என்னாச்சு?" படுக்கையிலிருந்து எழ முயன்றபடி மகள் பதறினாள். "சொல்லுங்கப்பா, என்ன?"

"நேராப் போகுது, கண்ணு," என்றார் அவர். "நேராத்தான் போகுது. என் மூஞ்சியிலயே அடிச்சுட்டான்."

அவள் சிரிக்க ஆரம்பித்து, வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதீங்கப்பா வலிக்குது என்று கெஞ்சினாள்.